மோட்டாருக்கு 40,000 ரூபாய் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வீட்டைக் கட்டி விற்ற நிறுவனத்தின் பங்குதாரர்கள் மூவருக்கும்,

கார்த்திகைக் கடைசி வாரத்தில் நீங்கள் அனுப்பிய ஒரு பக்கக் கடிதம், நீங்கள் ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்ற எங்கள் குடியிருப்பின் பதினான்கு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. ‘வீடுகளை ஒப்படைத்து ஓராண்டு முடிந்துவிட்டபடியால் இனி எந்தப் பழுதுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல. மழைநீரை வெளியேற்ற மோட்டார் அமைக்கும் செலவுக்கு வீட்டுக்கு 40,000 ரூபாய் வீதம் ஜனவரி 31-க்குள் செலுத்தவும்.’ விஷயம் அவ்வளவுதான். கீழே கையெழுத்து இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இருந்தது.

இது அந்தக் கடிதத்துக்கு ஒன்பதாம் எண் வீட்டின் பதில். தனியாக உங்களுக்கு எழுதி அலுத்துவிட்டது. 2024 நவம்பரிலிருந்து பதினொரு முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன், இரண்டு முறை பதிவுத் தபால் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் மட்டும் வரவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரையும் நகரின் பெயரையும் எழுதவில்லை. உங்கள் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ‘பேரைப் போட்டுடாதம்மா, நாளைக்கு நம்ம வீட்டை ஒருத்தனும் வாங்க மாட்டான்’ என்று பதினோராம் எண் வீட்டு அண்ணன் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பது வெளியே தெரிந்தால் விற்றவருக்கு இல்லாத பயம், வாங்கியவருக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு எங்களை நினைவிருக்க வாய்ப்பில்லை. 2023 தை மாதம், கல்யாணமாகி ஒன்றரை வருஷம், ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினோம். நான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். செக்காலையில் 7,500 ரூபாய் வாடகையில் இருந்தோம். ‘வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னது அந்தக் காலம் தங்கச்சி, இப்ப கட்டினதை வாங்கிப் பாருங்க’ என்று உங்களில் மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். விலை பேசியது, அளவு சொன்னது, ‘யோசிச்சுச் சொல்லுங்க தம்பி’ என்றது எல்லாமே என் கணவரிடம். என் சம்பளத்தையும் சேர்த்தால்தான் கடன் வரும் என்று வங்கியில் சொன்ன பிறகு, ‘மேடமும் ஒரு கையெழுத்துப் போடணும்’ என்றீர்கள்.

மூன்று சென்ட் மனை, 900 சதுர அடி வீடு, 38 லட்சம். அதில் 28 லட்சம் வங்கிக் கடன், இருபது வருஷத்துக்கு. மாதத் தவணை 24,700 ரூபாய். மீதிப் பத்து லட்சத்துக்கு என் நகையில் 14 பவுன் போனது, கணவரின் பி.எஃப். போனது, மாமனார் கொஞ்சம் கொடுத்தார். அன்றைக்குப் பவுன் 42,000 ரூபாய்ச் சுமாருக்கு இருந்தது. இன்று அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டி நிற்கிறது. கணக்கு எழுதுவதே தொழிலாக இருந்தும் அந்தக் கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்தப் பத்து லட்சத்தில் எட்டு லட்சத்தை, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தத்தை வைத்து வாங்கிக்கொண்டீர்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதானால் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. வீடு கட்டி விற்பதே தொழிலாக உள்ள உங்களுக்குத் தெரியாதா?

2023 ஐப்பசியில் சாவி என்றீர்கள். அது தை ஆனது, சித்திரை ஆனது. ஆனியிலும் ஆடியிலும் குடிபோக வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் 2024 ஆவணியில் பால் காய்ச்சினோம். இடைப்பட்ட மாதங்களில் வாடகையும் கட்டினோம், வங்கிக்கு வட்டியும் கட்டினோம். சரி, போகட்டும். அதற்காக இந்த மடலை எழுதவில்லை.

சும்மா ஒரு வீடு என்று விற்றிருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. ‘செட்டிநாட்டு வீடு’ என்று சொல்லி விற்றீர்கள். வழவழ தாளில் அச்சடித்த உங்கள் விளம்பரத்தில் முகப்பு, திண்ணை, முற்றம், ஆத்தங்குடிக் கல் எல்லாம் இருந்தன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதைக்கூட ஒரு மூலையில் போட்டிருந்தீர்கள். அலுவலக வாசலில் வேலைப்பாடு செய்த பழைய தேக்கு நிலை ஒன்று நின்றது. எந்த ஊரில் எந்தப் பழைய வளவு வீட்டை இடித்தபோது கிடைத்ததோ. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் நிலை வாங்கலாம், தூண் வாங்கலாம், மரப்பெட்டி வாங்கலாம், யாரோ ஒரு வீட்டு அப்பச்சியின் சட்டம் போட்ட படத்தைக்கூட வாங்கலாம். அதை வாசலில் நிறுத்திவிட்டால் பின்னால் இருப்பதெல்லாம் செட்டிநாடு ஆகிவிடும் போலிருக்கிறது.

எங்கள் வீட்டுத் திண்ணை ஒன்றரை அடி அகலம். பூனை படுக்கலாம். முற்றம் ஐந்தடிக்கு ஐந்தடி, மேலே கம்பி வலை. அதைக்கூட ஆசையாகத்தான் பார்த்தோம். மூன்று சென்ட்டில் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கேட்க நாங்கள் என்ன கடல் கடந்து வியாபாரத்துக்கு, கொண்டுவிக்கப் போன குடும்பமா?

பால் காய்ச்சிய அன்று என் அப்பத்தாவும் வந்திருந்தார். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கென்று இருந்தது முதலில் ஓலைக் கூரை, அப்புறம் ஓட்டு வீடு. எங்கள் குளியலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு முற்றத்தில் வந்து நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ‘தண்ணி எங்கத்தா போகும்?’ என்றார்.

‘பைப்பு இருக்கு அப்பத்தா.’

‘பைப்பு எங்க போகும்?’

எனக்குத் தெரியவில்லை. உங்கள் மேஸ்திரியைக் கேட்டேன். ‘அதெல்லாம் போயிரும்மா’ என்றார்.

அப்பத்தா குற்றம் சொல்லக் கேட்கவில்லை. அவர் பார்த்த வேலை அது. அந்தப் பெரிய வீட்டில் ஐப்பசி பிறக்கும் முன்னால், முற்றத்து மடையின் கல் மூடியைத் தூக்கி, இலைதழையை வாரிப்போட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது வாசல் தாண்டி ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. முதல் மழையைப் போகவிடுவார்கள். அடுத்த மழைக்குக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கிடாரம் என்கிற பெரிய அண்டாவை வைத்து, வாய்க்குத் துணியால் வேடு கட்டிப் பிடிப்பார்கள். மிச்சத் தண்ணீர் மடை வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் படம் எடுக்க வருகிறவர்கள் இந்த மடையைக் குனிந்து பார்ப்பதில்லை. உங்கள் விளம்பரத்திலும் அது இல்லை.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம். இரவு ஒன்பது மணி இருக்கும், கரண்ட் இல்லை. குளியலறையிலிருந்து குளுக் குளுக் என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தரையில் இருக்கும் நானி டிராப்பிலிருந்து தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் போக வேண்டிய ஓட்டை வழியாகத் தண்ணீர் வருவதை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் முற்றம் தாம்பாளம் மாதிரி நிறைந்து நிற்கிறது. கூடத்துக்கும் முற்றத்துக்கும் உயர வித்தியாசம் ஒரே ஒரு அங்குலம். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கிப் போட்டோம். பீரோவின் அடித்தட்டில் பத்திரம் வைத்திருந்த மஞ்சள் பையைத் தூக்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். என் கணவர் குப்பை அள்ளும் முறத்தால் அள்ள, நான் வாளியில் பிடித்தேன். வாளி நிறைந்தது. வாசல் கதவைத் திறந்தேன். வாசலிலும் அதே தண்ணீர், படிக்குச் சமமாக. பின்பக்கம் போனோம், அங்கேயும் அதுதான். நிறைந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இருட்டில் நின்றோம். கடைசியில் சமையல்கட்டுச் சிங்க்கில் ஊற்றினோம். அது போய் முற்றத்தில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

காலையில் உங்கள் சைட் இன்ஜினீயருக்குப் போன் செய்தார். ‘மழைன்னா தண்ணி வரத்தான் செய்யும் தம்பி’ என்று பதில். தண்ணீர் வந்ததில் கழிவுத் தொட்டித் தண்ணீரும் கலந்திருந்தது என்பதைச் சொல்ல அவர் இடம் தரவில்லை.

இந்த வருஷ மழையிலும் அதே கதை. இருபது நிமிஷம் கனமாகப் பெய்தால் போதும். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து அடித்தோம், மறுபடி எழும்பியது.

ஐப்பசியில் நாங்களே ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு, முற்றத்துப் பைப் எங்கே போகிறது என்று தேடினோம். அப்பத்தா கேட்ட கேள்விதான், ஒரு வருஷம் தாமதமாக. வண்டி நிறுத்தும் இடத்துப் பேவர் பிளாக்கைப் பெயர்த்து இரண்டடி தோண்டியதும் அகப்பட்டது. இரண்டு அங்குல பி.வி.சி. பைப், நுனியில் ஒரு எல்போ. எல்போவின் மறுபக்கம் எதுவும் இல்லை, மண். ஒட்டும் பசைகூடப் போடவில்லை, கையால் திருகியதும் கழன்று வந்தது. ‘எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்மா இருக்கும், ஒரே ஆளுதான் போட்டிருப்பான்’ என்றார் பிளம்பர். எட்டாம் எண் வீட்டிலும் பன்னிரண்டாம் எண் வீட்டிலும் தோண்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி.

அதோடு விட்டிருக்கலாம். அவர் போகிற போக்கில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் சிமென்ட் மூடியைக் கம்பியால் நெம்பினார். அடியில் உறையும் இல்லை, ஜல்லியும் இல்லை. மூடியைத் தூக்கினால் செம்மண், அதன் மேல் இரண்டு மண்புழு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். நீங்கள் சேகரித்திருப்பது மூடியை மட்டும்தான்.

வீட்டுக்குள் நடந்தது இது. வெளியே நடந்தது இதைவிடப் பெரியது, அது தெரியவர எங்களுக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. நகருக்குப் பின்னால் ஓர் ஊருணி இருக்கிறது, அதை ஒட்டி முப்பது நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. எங்கள் கூடத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றதற்கு மறுநாள் அந்த ஊருணியைப் போய்ப் பார்த்தோம். பாதிகூட நிறையவில்லை. கரையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எங்களைப் பார்த்து, ‘புது வீட்டுக்காரகளா?’ என்று கேட்டுவிட்டு, ‘எங்க ஊருணித் தண்ணி உங்க வீட்டுலதான் கெடக்கு’ என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

என் கணவர் அன்று இரவே அரசின் இணையச் சேவையில் எங்கள் சர்வே எண்ணையும் பக்கத்துச் சர்வே எண்களையும் போட்டு, நிலத்தின் அளவு காட்டும் எஃப்.எம்.பி. வரைபடத்தையும், நிலம் என்ன வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்தார். கண்மாய்ப் பக்கமிருந்து ஊருணிக்கு ஒரு வாய்க்கால் புறம்போக்கு வருகிறது. கோடு தெளிவாக இருக்கிறது. நகரின் நுழைவுச் சாலை அந்தக் கோட்டின் மேல் மண் கொட்டி ஏற்றிப் போடப்பட்டிருக்கிறது. பின்பக்க மதில் சுவர் அதன் குறுக்கே நிற்கிறது. வரத்துக்காலை இரண்டு இடத்தில் அடைத்துவிட்டு நடுவில் எங்களைக் குடிவைத்திருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மனை பார்க்க வந்தது தை மாதம், கட்டாந்தரை. மழையில் வந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. வக்கீலிடம் கொடுத்தோம். தாய்ப்பத்திரம் பார்த்தார், பட்டா பார்த்தார், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று பார்த்தார், சுத்தம் என்றார். வில்லங்கச் சான்றில் தண்ணீர் வராது. இனிமேல் இந்தப் பக்கம் வீடு வாங்குகிற சின்னஞ்சிறுசுகள் யாராவது இதைப் படித்தால், பட்டாவோடு நிற்காமல் எஃப்.எம்.பி.யையும் எடுத்துப் பாருங்கள், சுற்றியுள்ள நாலு சர்வே எண்களுக்கும் சேர்த்து. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் கொடி நட்டுக் கல் ஊன்றாத பொட்டல் இல்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

ஓராண்டு முடிந்துவிட்டது, பொறுப்பில்லை என்கிறீர்கள். எந்தச் சட்டத்தில் ஓராண்டு? அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மூன்றாவது உட்பிரிவைப் படியுங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ, செய்து தர வேண்டிய வசதிகளிலோ குறை தெரியவந்து சொல்லப்பட்டால், கட்டியவர் கூடுதலாக ஒரு பைசா வாங்காமல் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு. எங்கள் வீட்டுக்கு அந்த ஐந்து ஆண்டு 2029 ஆவணியில்தான் முடியும்.

‘நம்ம புராஜெக்ட் ரெராவுல வராது தம்பி’ என்று உங்களில் இளையவர் ஒருமுறை சொன்னார். ரெரா என்பது இதே ரியல் எஸ்டேட் சட்டம்தான். முன்வரிசை ஏழு வீடு ஒரு கட்டம், பின்வரிசை ஏழு வீடு இன்னொரு கட்டம், இரண்டும் வேறு வேறு பங்குதாரர் பேரில், ஆக பதிவு தேவைப்படாத எட்டு வீட்டு வரம்பைத் தாண்டவில்லை என்பது உங்கள் கணக்கு. மூன்றாம் பிரிவில் எட்டு வீடு என்று சொன்ன கையோடு ‘எல்லாக் கட்டங்களையும் சேர்த்து’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். நிலமும் 500 சதுர மீட்டரை எப்போதோ தாண்டிவிட்டது. ஒரே வளைவு வாசல், ஒரே பெயர்ப் பலகை, ஒரே விளம்பரத்தில் ‘14 வீடுகள்’ என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். அந்த விளம்பரத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதிவு செய்ய வேண்டியதைப் பதிவு செய்யாமல் விற்றால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க 59-ஆம் பிரிவு இடம் தருகிறது.

அப்புறம் அந்த மோட்டார். பதினான்கு வீட்டுக்கு 40,000 என்றால் 5,60,000 ரூபாய். மோட்டார் தண்ணீரை எடுத்து எங்கே தள்ளும்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. தெருவிலா? தெருவில் ஏற்கெனவே நிற்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்றால் அந்தப் பெரியம்மாவின் வாசல் இருக்கிறது. கழிவுத் தொட்டித் தண்ணீர் கலந்ததை அவர்கள் ஊருணிக்குள் இறைக்க நாங்கள் காசு கொடுக்க வேண்டுமா? தானாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மண் போட்டு மறித்துவிட்டு, அதை ஓட வைக்க மாதாமாதம் கரண்ட் பில்லும் எங்களைக் கட்டச் சொல்கிறீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் கடிதத்தில் இல்லை. எங்கள் ஊரில் மழையும் கரண்ட்டும் சேர்ந்து இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

டைல்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்தான். ஒப்பந்தத்தில் ‘கூடம், முற்றம்: ஆத்தங்குடி டைல்ஸ்’ என்று இருக்கிறது. சமையல்கட்டு நிலையடியில் ஒன்று விரிந்து ஒரு துண்டு கையோடு வந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. உடைத்தால் உள்ளே சாம்பல் நிற சிமென்ட் தெரியும், பூவின் நிறம் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆத்தங்குடிக்கே கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் துண்டில் உள்ளே பிஸ்கட் நிறம், மேலே காகிதக் கனத்தில் அச்சடித்த பூ. கேட்டதற்கு ‘ஆத்தங்குடி மாடல்’ என்றீர்கள். மாடல் என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது? ஆத்தங்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே கல் போடுகிறவர்களுக்குப் போக வேண்டிய காசு அது.

நாங்கள் கேட்பது இவை.

மோட்டாருக்கு 40,000 ரூபாய் கேட்ட கடிதத்தை எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். பராமரிப்பைக் காரணம் காட்டிப் பணம் கட்டாத வீடுகளை மிரட்டும் பேச்சு இனி வேண்டாம்.

இந்த மடல் வெளியாகும் நாளிலிருந்து 30 நாளுக்குள் பதினான்கு வீடுகளிலும் முற்றத்துப் பைப்பை நான்கு அங்குலமாக மாற்றி, அது போய்ச் சேரும் இடம் வரைக்கும் எங்கள் கண் முன்னால் போட்டுக் கொடுங்கள். மூடுவதற்கு முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். குளியலறைக் குழாய்களில் தண்ணீர் திரும்பி ஏறாதபடி வால்வு வையுங்கள். மழைநீர்த் தொட்டிகளை மூடிக்கு அடியிலும் கட்டுங்கள். ஊறிய சுவர்களைப் பூச்சோடு சரிசெய்து கொடுங்கள், பெயிண்ட் மட்டும் அடித்துவிட்டுப் போக வேண்டாம்.

அரசு நில அளவரை வைத்து வரத்துக்காலை அளந்து, சாலைக்கு அடியில் சிறுபாலம் கட்டி, மதில் சுவரில் அந்த அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் இது முடிய வேண்டும். பின்பக்கப் பொட்டலில் ‘மூன்றாம் கட்டம், முன்பதிவு ஆரம்பம்’ என்று புதிதாகப் பலகை வைத்திருக்கிறீர்கள். வாய்க்கால் திறக்கும்வரை அங்கே யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள். எங்களைப் போல ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்பதைப் போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்த்தேன்.

எல்லாக் கட்டங்களையும் சேர்த்து ஒரே திட்டமாக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுக்கு விண்ணப்பித்து, அதன் எண்ணை எங்களுக்குத் தெரிவியுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

டைல்ஸைப் பெயர்க்க வேண்டாம், அந்த இடியைத் தாங்க எங்களுக்கும் தெம்பில்லை, சுவருக்கும் தெம்பில்லை. விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

நகருக்கு அனுமதி தந்த அலுவலகத்துக்கும் இதன் நகலை வரைபடத்தோடு அனுப்புகிறேன். சாலை போட அனுமதி கொடுத்த கோப்பில் அந்த வாய்க்கால் எப்படிக் காணாமல் போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போகிறது.

நீங்கள் எங்களுக்கு வைத்த கெடு ஜனவரி 31. அதையே நானும் வைக்கிறேன். அதற்குள் வேலை தொடங்கவில்லை என்றால் பிப்ரவரி முதல் வாரத்தில் ஒன்பது வீடுகள் சேர்ந்து ஆணையத்தில் புகார் கொடுக்கிறோம். சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, 50 லட்சம் வரைக்கும் அங்கேயே பார்ப்பார்கள், எங்கள் வீடு 38 தான். கழன்று வந்த எல்போ, டைல்ஸ் துண்டு, விளம்பரத் தாள், 20 ரூபாய் ஒப்பந்தம், இரண்டு மழையின் வீடியோக்கள் எல்லாம் அந்த மஞ்சள் பையில்தான் இருக்கின்றன.

பதிலைக் கையெழுத்தோடு கடிதமாகத் தாருங்கள், போனில் வேண்டாம். என் கணவர் பேருக்கு மட்டும் எழுதாமல் என் பேரையும் சேர்த்து எழுதுங்கள். கடனில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒன்பதாம் எண் வீட்டுக்காரி
காரைக்குடி அருகில், மார்கழி 2025